பசை போட்டு ஒட்டிய உரிமை

டெல்லி நேரு பிளேஸில் செல்போன் பேட்டரியை மாற்றுகிறவர் முதலில் போனைச் சூடேற்றுகிறார். பின்னட்டையின் பசை இளகியதும் மெல்லிய தகட்டைச் செருகி நெம்புகிறார். முன்பெல்லாம் நகத்தாலேயே மூடி திறந்தது; பாவம், அதற்குத் தொழில்நுட்பம் என்று பெயர் கிடைக்கவில்லை. இதே ஊரிலிருந்துதான் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. உரிமை கைக்கு வந்துவிட்டது, மூடிதான் வரவில்லை.

பசை இல்லாவிட்டால் தண்ணீர் புகுந்துவிடும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். இருக்கலாம். ஆனால் கடலில் மூழ்குவோரின் கைக்கடிகாரங்கள் பல பத்தாண்டுகளாக ரப்பர் வளையத்தையும் திருகு மூடியையும் நம்பித்தான் உள்ளே போய் வருகின்றன. பயனரே பேட்டரியைக் கழற்றும்படி போன் இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய விதியும், சில விலக்குகளோடு, 2027 பிப்ரவரியில் அமலாகிறது. போனையே தூக்கி எறிந்தாலும் 'மறுசுழற்சிதான் இருக்கிறதே' என்போர் டெல்லியின் சீலம்பூருக்குப் போகலாம். மின்கழிவு விதிகள் பதிவுபெற்ற ஆலைகளைப் பற்றிப் பேச, அங்கே சந்துகளில் வெறுங்கையால் சர்க்யூட் போர்டைப் பிரிக்கிறார்கள். மறுசுழற்சி இலக்கும் எடைக்கணக்கில்தான்; போன் எத்தனை ஆண்டு உழைத்தது என்பதைத் தராசு சொல்லாது. அடுத்த போன் வாங்கும்போது கேமராவை விசாரிக்கும் முன், பேட்டரியை எப்படிக் கழற்றுவது என்று கேளுங்கள்.