மூச்சு விடாதே!
இலை மூச்சு விடுவதை அளக்கப் போகிறவன் முதலில் தன் மூச்சை அடக்கப் பழக வேண்டும். காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. நம் வெளிமூச்சில் ஏறக்குறைய 40,000. ஒளிச்சேர்க்கைக் கருவியின் காற்றுக்குழாய் அருகே ஒரு பெருமூச்சு போதும், கணக்கு தாறுமாறு. இதை விளக்கப் பேராசிரியர் அந்தக் குழாயை ஒட்டி நின்றே முக்கால் மணி நேரம் பேசுவார்.

இலையின் நீர் நிலைமையைப் பார்க்க விடியுமுன் எழ வேண்டும். இரவெல்லாம் தண்ணீர் குடித்துச் செடி அப்போது நிம்மதியாக இருக்கும். மாணவன்தான் வாடியிருப்பான். இந்த நீர் நிலைமை பற்றி 1965-இல் ஷோலாண்டர் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட ஆய்வுக்கு, உயர்ந்த மரங்களின் கிளைநுனிகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார்கள். நம் கள ஆய்வு முகாமில் துரட்டிக்கோல். அதுவும் ஒன்றே ஒன்று. அது பூட்டிக் கிடக்கும் ஸ்டோரின் சாவிக்காரர் பத்து மணிக்குத்தான் வருவார்.