பிளவியல்: ஓர் இலக்கண முயற்சி

சொல்லும் சொல்லும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழில் விதிகள் ஏராளம். தோழரும் தோழரும் பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு விதி எழுதுவார் இல்லை. அக்குறை நீக்கவே இந்நூல். ஆயுதம் ஏந்திய இயக்கங்களுள் சில ஒன்றாகவே நிற்க, சில துண்டுதுண்டாவது ஏன் என்பது நுதலிய பொருள். எடுத்துக்காட்டுக்கு அயர்லாந்தைக் கொண்டேன். என்னை எனின், குடியரசுவாதிகள் எங்கே கூடினாலும் நிகழ்ச்சி நிரலில் முதல் பொருள் பிளவுதான் என்ற கேலி அந்நாட்டிலேயே பிறந்தது. சொன்னவர் நாடகாசிரியர் பிரெண்டன் பெஹன் என்பார்கள். அவரும் ஐ.ஆர்.ஏ. எனப்படும் ஐரிஷ் குடியரசுப் படையில் இருந்து சிறை சென்றவர். ஆகவே இது அகச்சான்று.

முதல் விதி பெயர் பற்றியது. இயக்கம் பிளக்கும்போது பெயர்ச்சொல் பிளப்பதில்லை, அடைமொழிதான் பெருகுகிறது. 1969 டிசம்பரில் ஐ.ஆர்.ஏ. இரண்டானது. ஒரு பாதி 'அதிகாரபூர்வ' ஐ.ஆர்.ஏ., மறுபாதி 'தற்காலிக' ஐ.ஆர்.ஏ. ஆங்கிலேயருக்கு எதிரான 1916 எழுச்சியில் அறிவிக்கப்பட்ட தற்காலிக அரசின் நினைவைச் சுமந்த சொல் அது. மறு ஆண்டே தற்காலிக நிலை முடிந்தது என்று அறிவித்தார்கள்; ஊர் கேட்கவில்லை. 2005 ஜூலையில் ஆயுதப் போராட்டத்தை முடித்துக்கொள்ளும் வரை 35 ஆண்டுகள் அவர்கள் தற்காலிகமாகவே இருந்தார்கள். இடையில் 'தொடர்ச்சி' ஐ.ஆர்.ஏ. ஒன்றும், 1997-ல் 'உண்மையான' ஐ.ஆர்.ஏ. ஒன்றும் புறப்பட்டன. தம்மளவில் ஒவ்வொருவரும் வெறும் ஐ.ஆர்.ஏ.தான். அடைமொழி எப்போதும் அடுத்த வீட்டுக்காரருக்கே உரியது.

அடைமொழி புரியாதவர்க்கு வேறோர் அடையாளம் உண்டு. ஈஸ்டர் நாளில், 1916-ல் இறந்தவர்களின் நினைவாகக் காகித லில்லிப் பூவைச் சட்டையில் அணிவது குடியரசுவாதிகளின் வழக்கம். அதிகாரபூர்வத்தார் பூவின் பின்புறம் பசை தடவி ஒட்டிக்கொண்டார்கள். தற்காலிகத்தார் குண்டூசியால் குத்திக்கொண்டார்கள். உடனே முன்னவருக்கு 'ஸ்டிக்கி' என்றும் பின்னவருக்கு 'பின்ஹெட்' என்றும் பட்டப்பெயர்கள் எழுந்தன. ஒட்டியவர் பெயர் ஒட்டிக்கொண்டது. குத்தியவர் பெயர் கழன்று விழுந்துவிட்டது. இரு தரப்பும் வர்க்கம், தேசம் என்று அடித்துத் தள்ளிய துண்டறிக்கைகளைப் படிக்கச் சோம்பிய ஊராருக்கு இந்தப் பாகுபாடு போதுமானதாக இருந்தது. இந்நூலாசிரியனுக்கும் ஏறக்குறைய அப்படியே.

இனிப் பிளவின் பின் எஞ்சுவது. அது பெயரெச்சம், வினையெச்சம் என இரண்டாம். பெயர் எஞ்சியவர் பெயரெச்சம். வினை எஞ்சியவர் வினையெச்சம். (இலக்கணப் புலவர்கள் பொறுத்தருள்க.) அதிகாரபூர்வத்தார் 1972 மே மாதமே போர்நிறுத்தம் அறிவித்து, பிறகு தொழிலாளர் கட்சியானார்கள்; 1992-ல் அதுவும் உடைந்தது. ஒதுங்கியவர்கள் ஜனநாயக இடதுசாரிகளாகி, 1999-ல் லேபர் கட்சியில் கரைந்தார்கள். வினை தற்காலிகத்தார் பக்கம் போய்விட்டது.

பிரிந்தவை பின்னர் அடையும் மாற்றம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும். 1974 டிசம்பரில் அதிகாரபூர்வத்தாரிடமிருந்து பிரிந்த சீமஸ் காஸ்டெல்லோ, ஒரே நாளில் கட்சி ஒன்றையும் ஐ.என்.எல்.ஏ. என்ற படை ஒன்றையும் தொடங்கினார், இது தோன்றல். ஆங்கிலேயருடனான ஒப்பந்தத்தை எதிர்த்து உள்நாட்டுப் போரில் தோற்ற தலைவர் டி வலேரா 1926-ல் ஷின் ஃபெயின் கட்சியை விட்டு வெளியேறித் தனிக்கட்சி கண்டார். மறு ஆண்டு பைபிளை அப்பால் நகர்த்திவிட்டு, இது உறுதிமொழியே அல்ல என்று சொல்லிக்கொண்டு மன்னருக்கான உறுதிமொழிப் புத்தகத்தில் கையெழுத்திட்டு நாடாளுமன்றம் புகுந்து, 1932-ல் ஆட்சியையும் பிடித்தார், இது திரிதல். ஐ.என்.எல்.ஏ.யிலிருந்து 1986-ல் ஐ.பி.எல்.ஓ. என்ற குழு கிளைத்தது, அதுவும் தனக்குள் இரண்டாகி ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருக்கையில், 1992-ல் தற்காலிகத்தார் புகுந்து இரண்டையும் முடித்துவைத்தார்கள். இது கெடுதல்.

இவையெல்லாம் வடிவம். காரணம் யாதெனின், ஐரிஷ் இயக்கத்தின் பெரும்பிளவுகள் போர்க்களத்தில் விழவில்லை. எதிரியின் மன்றத்து வாசலில் விழுந்தன. உள்ளே போய் நாற்காலியில் அமரலாமா என்பதே கேள்வி. 1922 ஜனவரி 7 அன்று அயர்லாந்து அவை ஆங்கிலேயருடனான ஒப்பந்தத்தை 64-க்கு 57 என ஏற்றபோது, அங்கே அதிகம் பேசப்பட்டது நாடு துண்டாவது பற்றியன்று, மன்னருக்கு எடுக்க வேண்டிய உறுதிமொழி பற்றி. 1926-ல் அதே கேள்வி. 1969-70-லும் 1986-லும் அதே. குண்டுக்குத் தாங்கிய இயக்கம் நாற்காலிக்குத் தாங்கவில்லை. (1934-ல் ஏப்ரலில் தொடங்கிச் செப்டம்பரில் உடைந்த குடியரசுக் காங்கிரஸ் விலக்கு. அவர்கள் எந்த வாசலுக்கும் போகாமல் வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொண்டார்கள்.)

அற்றேல், 1969-ல் பாதிக்குப் பாதியாகப் பிளந்தது 1986-ல் ஓரம் மட்டும் உதிர்ந்தது எங்ஙனம்? இங்கேதான் இந்நூல் சற்று நிற்க வேண்டும்.

1969 ஆகஸ்டில் பெல்ஃபாஸ்டில் கத்தோலிக்கர் வாழ்ந்த பம்பாய் தெரு கலவரத்தில் எரிந்தது. காக்க வேண்டிய ஐ.ஆர்.ஏ.விடம் போதிய துப்பாக்கி இல்லை. நான்கு மாதம் கழித்து, அந்தச் சாம்பல் ஆறுமுன், ஐ.ஆர்.ஏ. தலைவர் கதால் கோல்டிங் நாடாளுமன்றம் போவது பற்றி வாக்கெடுப்பு வைத்தார். அவர் வாதத்தில் நியாயம் இருந்தது, நேரத்தில் இல்லை. பின்னாளில் ஷின் ஃபெயின் தலைவரான கெரி ஆடம்ஸ் அதைப் பார்த்திருந்தவர். 1986-க்கு முன் அவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். முதலில் படையின் மாநாட்டைக் கூட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே கட்சி மாநாட்டுக்கு வந்தார். போர் தொடரும் என்று மேடையில் உறுதி கூற அவர் கூட்டாளி மார்ட்டின் மெக்கின்னஸ் இருந்தார். லிபியாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்த ஆயுதங்கள் இவர்கள் பக்கக் கிடங்குகளில் இருந்தன. நவம்பர் 2 அன்று, நாடாளுமன்றத்தில் அமரலாம் என்ற தீர்மானம் 429-க்கு 161 என நிறைவேறியது. கட்சியின் முன்னாள் தலைவர் ரூரி ஓ பிராடி வெளிநடப்புச் செய்தார். 1970-ல் வெளிநடப்புச் செய்தவரும் அவரே. முதல்முறை அவர் பின்னால் ஒரு படை போயிற்று. இரண்டாம்முறை கொள்கை மட்டுமே போயிற்று.

கொள்கையோடு ஒரு முதியவரின் ஆசியும் போயிற்று என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. 1921-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டாம் அவையே உண்மையான அயர்லாந்து அரசு, மற்றதெல்லாம் போலி என்பது சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்தை விடாத அவ்வவை உறுப்பினர்களுள் 1969-ல் உயிரோடு எஞ்சியிருந்தவர் மேயோ மாவட்டத்து டாம் மக்வையர் ஒருவரே. எனவே ஒரு நாட்டின் இறையாண்மை முழுவதும் ஒரு கிழவரின் வீட்டில் இருந்தது. 1969-ல் தற்காலிகத்தாருக்கு அதை அளித்தார். 1986-க்குப் பின் திரும்ப வாங்கி ஓ பிராடியாருக்கு அளித்தார். 1993-ல் 101 வயதில் காலமானார். ஆசி ஓ பிராடி பக்கம், கிடங்குச் சாவி ஆடம்ஸ் பக்கம் என்றால் எது வெல்லும் என்பதற்குச் சூத்திரம் வேண்டியதில்லை.

பேராசிரியர் பால் ஸ்டானிலாண்ட் 2014-ல் எழுதிய நூலில், போருக்கு முன்பே தலைவர்கள் தமக்குள்ளும் ஊராரோடும் கொண்டிருந்த உறவே ஒற்றுமையைத் தீர்மானிக்கிறது என்கிறார். ஏற்கத்தக்கதே, பெல்ஃபாஸ்டின் குறுந்தெருக்களில் சித்தப்பா, மைத்துனர், சிறைத் தோழர் எல்லாம் ஒரே இயக்கம். ஆனால் உறவு இருந்தும் சில நேரம் பொய்யும் தேவைப்படும். தாலிபான் தலைவர் முல்லா உமர் 2013-ல் இறந்தார். இரண்டாண்டுகள் அவர் பெயரிலேயே செய்திகள் வந்தன. 2015-ல் மரணத்தை ஒப்புக்கொண்ட சில மாதங்களிலேயே ஒரு கூட்டம் பிரிந்து போயிற்று. செத்தவர் தலைமையில் பிளவு இல்லை.

ஒற்றுமைக்கு இன்னொரு வழி உண்டு, மற்றவர்களை இல்லாமல் செய்வது. அதற்கு எடுத்துக்காட்டுத் தேடி அயர்லாந்து போக வேண்டியதில்லை. 1985 ஏப்ரலில் நான்கு ஈழ இயக்கங்கள் ஒரே முன்னணியில் இணைந்தன. நான்கு தலைவர்களும் சேர்ந்து நின்ற படத்தை நம்மில் பலர் பத்திரிகையில் பார்த்து மகிழ்ந்தோம். ஓராண்டு கழிந்து, 1986 மே மாதம், படத்தில் இருந்த சிறீ சபாரத்தினம் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார். 1990-ல் சென்னையில், அதே படத்தில் இருந்த பத்மநாபா. அப்படி எஞ்சிய ஓர் இயக்கமும் 2004 மார்ச்சில் கிழக்கில் உடைந்தது. இதைக் கெடுதல் என்ற வகையில் சேர்க்கலாம். அச்சொல்லுக்கு இலக்கணப் பொருளை மட்டும் எழுதக் கை வரவில்லை.

புறனடை. 2012-ல் உண்மையான ஐ.ஆர்.ஏ. வேறு சில குழுக்களோடு சேர்ந்து புதுவடிவம் எடுத்தது. அதிகாரபூர்வம், தற்காலிகம், தொடர்ச்சி, உண்மை எல்லாம் செலவாகிவிட்டபடியால் பத்திரிகைகள் அதற்குப் 'புதிய' ஐ.ஆர்.ஏ. என்று பெயர் வைத்தன. அடுத்ததற்கு எஞ்சியிருக்கும் அடைமொழி 'பழைய' ஒன்றே என்று தோன்றுகிறது. அதற்கும் இருவர் சண்டையிடுவார்கள்.