எழுபது வளைவும் உன்னோட ஒத்தை பிரேக்கும்

வாடா கண்ணு, வா. பிக்கப் வாங்கிட்டியாமே? ஊரெல்லாம் அதுதான் பேச்சு. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சு, பூசணிக்காய் ஒடச்சாச்சு, பின்கதவுல சாமி பேரும் ஆத்தா பேரும் எழுதியாச்சு. பாட்டுப் பொட்டி மட்டும் வண்டி வெலையில பாதி ஆயிருக்கும் போல. ரொம்ப நல்லது. கீழ உழுந்தாலும் பாட்டு கேக்கும்.

காரவள்ளியத் தாண்டி கொல்லிமலைக்கு லோடுக்குப் போறியாம். 70 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு நம்பர் போட்டுப் பலகை நட்டு வெச்சிருக்காங்க பாரு, நம்ம ஊரு கவர்மெண்டு செஞ்சதுலயே நல்ல காரியம் அதுதான். வண்டி எந்த எடத்துல கவுந்து கெடக்குதுன்னு போன்ல சொல்றதுக்கு அத்தன வசதி.

ஏறுறதப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அதுக்கு வண்டியே புத்தி சொல்லும். முக்கும், மொனகும், கியரக் கொறைடான்னு கத்தும், கேக்கலைன்னா அணைஞ்சு நின்னுக்கும். மழை நாள்ல வெறும் வண்டியா ஏறுனா பின்னால கனம் இருக்காது, வளைவுல பின்சக்கரம் நின்ன எடத்துலயே சுத்தும். அப்ப ஆக்ஸிலேட்டர இன்னும் மிதி. டயர் கடைக்காரரு உம்பேரச் சொல்லி வெளக்கேத்துவாரு.

ஏத்தத்துல முன்னால பஸ்ஸு நின்னா நீயும் நிக்கோணுமல்ல? அப்ப கிளட்சு பாதி, ஆக்ஸிலேட்டர் பாதின்னு மிதிச்சுக்கிட்டு, முன்னயும் போவாம பின்னயும் போவாம தொங்குவ. நாத்தம் கெளம்பும். பின்வண்டிக்காரன் எறங்கி வந்து மோந்து பாப்பான். தொங்கு, நல்லாத் தொங்கு. கிளட்ச் பிளேட்டு விக்கறவனுக்கும் புள்ளகுட்டி இருக்குதல்ல? ஹேண்ட் பிரேக்குன்னு ஒண்ணு சீட்டுக்குப் பக்கத்துல இருக்குது, துண்டு காயப் போட்டிருக்கியே, அதுதான். அதை இழுத்து நிறுத்தி, வண்டி முன்னால இழுக்கறப்ப விட்டாப் போதும்னு பெரியவங்க சொல்லுவாங்க. பெரியவங்களுக்கு வேற வேலை ஏது?

சங்கதி எறக்கத்துலதான் இருக்குது. ஏறும்போது கத்துன வண்டி எறங்கும்போது வாயே தெறக்காது. குளுகுளுன்னு காத்து வரும். கொல்லிப்பாவை சிரிச்சே ஆளக் கொல்லுவான்னு சொல்லுவாங்களே, அவ இப்ப அந்த எறக்கத்துலதான் குடியிருக்கறா.

அங்கதான் உன் சேக்காளி ஒருத்தன், "மாப்ளே, நியூட்ரல்ல போடு, டீசல் மிச்சம்"பான். அந்த மகராசன் கணக்குல புலி. இப்ப வர்ற டீசல் வண்டியில கியரு உழுந்திருக்கறப்ப ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்தா, டீசல் போறதையே உள்ளுக்குள்ள கம்ப்யூட்டரு நிறுத்திப்புடுது. சக்கரம்தான் இன்ஜினைச் சுத்துது. நியூட்ரல்ல போட்டாத்தான் இன்ஜின் அணையாம இருக்கறதுக்குன்னு டீசலக் குடிச்சுக்கிட்டே வரும். ஆக, காசையும் கொடுத்து உசுரையும் கொடுக்கறதுக்குப் பேரு மிச்சமாம். இன்னும் சில அறிவாளிங்க சாவியவே திருகி அணைச்சுப்புடுவாங்க. பவர் ஸ்டியரிங் கல்லாயிரும். பிரேக்குக்குத் தொணையா இருக்கற பூஸ்டரு ரெண்டு மூணு மிதிக்கு மேல வராது. சாவியக் கையோட உருவிட்டா ஸ்டியரிங்கே பூட்டிக்கும். அதுக்கப்புறம் மேல போற வழி ஒண்ணுதான்.

சரி, நீ அப்படியெல்லாம் செய்ய மாட்ட, படிச்ச புள்ள. நாலாவது கியர்ல விட்டு பிரேக்க மிதிச்சுக்கிட்டே வருவ. கொல்லிமலைய ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்புல யானை, புலி, மான், பன்னி, உடும்புன்னு அஞ்சையும் தைச்சானாம். நீ அவனுக்கும் மேல, ஒரே பிரேக்குல எழுபது வளைவ அடக்கப் போற. லோடோட மூணு டன்னு வண்டி ஆயிரம் மீட்டர் கீழ எறங்குனா, எட்டு யூனிட் கரண்டுக்குச் சமமா சூடு பொறக்குது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பொட்டிய எட்டு மணி நேரம் வுடாம எரிய வுட்ட சூடு. அதை ஒரு மணி நேரத்துல பிரேக்கு மட்டுமே தின்னோணும்னா, பாவம், அதுக்கும் வயிறு ஒண்ணுதானே?

மெதல்ல நாத்தம் வரும். அப்புறம் பெடல் மெத்து மெத்துன்னு கீழ போவும். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தக் குடிக்கற சாதி. டாட் 3 ஆயில் புதுசுல 205 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும். ஈரம் ஏறுன பழசுன்னா 140 போதும். கொதிச்சா குமிழி, குமிழி வந்தா நீ மிதிக்கறது ஆயிலையல்ல, வெறும் காத்தை. அப்பேர்ப்பட்ட நேரத்துல பின்கதவுல எழுதுன சாமியக் கூப்புட்டா, அது எறங்கி ஓடிருக்கும்.

எங்காலத்து டிரைவருங்க படிக்காத ஜென்மங்க. எந்தக் கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்குன்னு மட்டும் சொல்லுவாங்க. ரெண்டுல ஏறுன வளைவ ரெண்டுலதான் எறங்கோணும். இன்ஜினே வண்டியப் புடிச்சு இழுக்கும். பிரேக்க வளைவுக்கு முன்ன மட்டும் அழுத்தி மிதிச்சு, வேகம் கொறஞ்சதும் வுட்டுறோணும், ஆறட்டும். நாத்தம் வந்தா சமமான எடமாப் பாத்து நிறுத்தி, கியர்ல போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வை. சூட்டோட சூடா தண்ணியக் கொண்டாந்து ஊத்தாத, டிரம்மு விரிசல் விட்டுரும். கட்டைக்குப் பதில் கல்லு வெச்சியின்னா, போறப்ப ஓரமா எடுத்துப் போட்டுட்டுப் போ. ராத்திரி பைக்குல வர்றவன் அந்தக் கல்லுல உழுந்து எந்திரிக்காமப் போயிருவான்.

ரோடு சின்னதா இருந்தா ஏறி வர்ற வண்டிக்கு வழி வுட்டு எறங்கறவந்தான் நிக்கோணும். இது சட்டத்துலயே இருக்குது. எறங்கற அவசரத்துல ஹாரன் அடிச்சா அவனொண்ணும் பள்ளத்துக்குள்ள ஒதுங்கப் போறதில்ல. பலாப்பழம் ஏத்துனா கேபினை ஒட்டி நெருக்கி அடுக்கி, கவுறு போட்டு இறுக்கிக் கட்டு. உருண்டா வளைவுல வண்டியையும் கூடக் கூட்டிக்கிட்டுத்தான் உருளும்.

எம்பட மொளகு மூட்டைய ஏத்திக்கவான்னு கேட்டியே? ஏத்தலாம் சாமி. மெதல்ல வண்டிய மெக்கானிக்குக்கிட்ட வுட்டுப் பழைய பிரேக் ஆயில எறக்கிட்டுப் புதுசு ஊத்திக்கிட்டு வா. அதுவரைக்கும் என் மொளகு கவர்மெண்டு பஸ்ஸுலயே போவட்டும். அந்த டிரைவரு ரெண்டாவது கியர்ல எறங்கறதுக்கு வெக்கப்படறதில்ல.