நிறம் பார்க்காத ஆலோசகர் வேண்டுமா?

கே: “நான் நிறம், இனம் எதுவும் பார்ப்பதில்லை. எனக்கு எல்லாரும் மனிதர்கள்தான்” என்று ஒரு மனநல ஆலோசகர் சொன்னால் பாராட்ட வேண்டியதுதானே?
– வாசகர், திருச்சி

ப: எண்ணம் நல்லது. ஆனால் லண்டனில் ஒரு கறுப்பின இளைஞர் அவர் எதிரே உட்கார்ந்து, “நேற்றும் போலீஸ் என்னை நிறுத்திப் பையைக் குடைந்தது. ராத்திரி தூக்கமே இல்லை” என்கிறார். நிறத்தைப் பார்க்க மாட்டேன் என்றிருப்பவர், “போலீஸ் என்றால் உங்களுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்?” என்று கேட்டு, கோளாறை அந்தப் பையன் மனசுக்குள்ளேயே தேடுவார். பாகுபாடு காட்டாமல் இருப்பது வேறு; பாகுபாட்டைக் காணாமல் இருப்பது வேறு.

கே: மருத்துவம் அறிவியல் ஆயிற்றே, அதற்குள் இனவெறி எப்படி நுழையும்?
– கல்லூரி மாணவி, சேலம்

ப: டாக்டரோடு சேர்ந்தே நுழையும். 1851-இல் அமெரிக்காவின் லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற டாக்டர், அடிமைகள் தப்பி ஓடுவதை ஒரு மனநோய் என்று எழுதினார். ‘டிராபெடோமேனியா’ என்று பெயரும் சூட்டி, தடுக்கும் வழியாகச் சவுக்கடியைச் சொன்னார். பழங்கதை என்று தள்ள முடியாது. மிச்சிகன் மாநிலத்து அயோனியா மனநல மருத்துவமனையின் கோப்புகளைப் புரட்டிய மனநல மருத்துவர் ஜோனதன் மெட்ஸல், 1960-களில் ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு) முத்திரை கறுப்பின ஆண்கள்மேல் எப்படிக் குவியத் தொடங்கியது என்று காட்டினார். சிவில் உரிமைப் போராட்டம் கொதித்த காலம் அது. உரிமை கேட்டவனின் கோபம் நோய்க்குறியாக ஏட்டில் ஏறிவிட்டது. இனவெறியில் தன் பங்குக்கு அமெரிக்க உளவியல் சங்கம் மன்னிப்புக் கேட்டது 2021-இல்தான்.

கே: பண்பாட்டை மதிக்கும் சிகிச்சைக்கு நடந்த உதாரணம் ஒன்று சொல்லுங்களேன்.
– ஆசிரியை, மதுரை

ப: ஃபிரான்ஸ் ஃபனான். மார்ட்டினிக் தீவில் பிறந்த கறுப்பினத்தவர். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில், ப்ளிடா மனநல மருத்துவமனைக்கு 1953-இல் டாக்டராகப் போனார். ஐரோப்பியப் பெண்கள் வார்டு ஒன்று, முஸ்லிம் ஆண்கள் வார்டு ஒன்று அவர் பொறுப்பில். பூட்டி வைத்தால் குணமாகாது, கூடிப் பழகினால்தான் ஆகும் என்று நம்பியவர். விழா, பாட்டு, சினிமா, நோயாளிகளே நடத்தும் பத்திரிகை என்று ஏற்பாடு செய்தார். பெண்கள் வார்டு களைகட்டியது. ஆண்கள் வார்டு அசையவில்லை.

“இவர்கள் மூளையே அப்படித்தான்” என்று சொல்லிவிட அன்றைய காலனிய மருத்துவத்தில் ஒரு கோட்பாடே தயாராக இருந்தது. ஃபனானும் உடன் வேலை பார்த்த ஜாக் அசூலேயும் அதைத் தொடவில்லை. ஐரோப்பிய வழக்கத்தை இவர்கள்மேல் ஏற்றியது எங்கள் பிழை என்று 1954-இல் கட்டுரையாகவே எழுதினார்கள். அந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்திரிகையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? பிறகு வார்டுக்குள் உள்ளூர்ப் பாணியில் ஒரு காப்பிக் கடை வந்தது. முஸ்லிம் பண்டிகைகள் வந்தன. ஊரில் கதை சொல்லிப் பிழைப்பவர் வந்து உட்கார்ந்தார்.

அத்தோடு முடித்தால் பாதிக் கதைதான். காப்பிக் கடைக்கு வெளியே ஆட்சி அதே ஆட்சி. சொந்த மண்ணிலேயே மக்களை அந்நியராக்கும் ஏற்பாட்டுக்குள் மனசுக்கு வைத்தியம் பார்க்க முடியாது என்று ஃபனான் 1956-இல் ராஜினாமாக் கடிதம் எழுதினார். பண்பாட்டைப் பேசிவிட்டு அதிகாரத்தைப் பேசாமல் நழுவும் பயிற்சி வகுப்புகளில் எல்லாம் இந்தக் கடிதத்தை வைக்க வேண்டும் என்பேன்.

கே: அப்படியானால் நம் இனத்து ஆலோசகரிடமே போய்விடலாமே?
– வாசகி, டொராண்டோ

ப: பலருக்கு அது பெரிய ஆறுதல். வீட்டு நடப்பை விளக்கியே பாதி நேரம் கரையாது. ஆனால் “எந்த ஊர், ஆருடைய பிள்ளை?” என்று அவர் கேட்டதும் சாதியைத்தான் துழாவுகிறாரோ, கோயிலில் அம்மாவைக் கண்டால் சொல்லிவிடுவாரோ என்று வாய் அடைத்துப்போனவர்களும் உண்டு. நான் சொல்வது உங்களோடுதானே இருக்கும் என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுங்கள்.

கே: என் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. டாக்டரிடம் என் 12 வயது மகன்தான் மொழிபெயர்க்கிறான். பரவாயில்லையா?
– வாசகி, லண்டன்

ப: வேண்டாம், தயவுசெய்து நிறுத்துங்கள். “செத்துப்போகலாம் போல இருக்கு” என்பதைப் பேரன் வாயால் சொல்ல எந்த அம்மம்மாவுக்கு மனம் வரும்? “தலையிடி, நித்திரை இல்லை” என்பதோடு நிறுத்திக்கொள்வார். டாக்டரும் மாத்திரையோடு அனுப்பிவிடுவார். போரைக் கண்டு வந்தவர் என்றால் அந்தப் பிள்ளை சுமக்கக் கூடாததையும் சுமக்கும். பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கலாம், கட்டணம் இல்லை. நேரம் வாங்கும்போதே கேளுங்கள். பெண் வேண்டுமா, ஆண் வேண்டுமா என்பதை அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். ஜாஃபர் கரீம் 1983-இல் லண்டனில் தொடங்கிய நஃப்சியாத் மையம், பல இனத்தவருக்கும் அவரவர் மொழியில் சிகிச்சை என்பதையே வேலையாகக் கொண்டது.

கே: ஆலோசகரிடம் முதல் நாளே இனவெறி பற்றிப் பேச்செடுத்தால் தப்பாக நினைப்பாரோ?
– மாணவர், மெல்பர்ன்

ப: அவர் எடுக்க வேண்டிய பேச்சு அது. எடுக்கவில்லையா, நீங்கள் எடுங்கள். “வேலையிடத்தில் இப்படிச் சொன்னார்கள்” என்று ஒரு சம்பவத்தைச் சொல்லிப் பாருங்கள். “அவர் அந்த அர்த்தத்தில்தான் சொன்னார் என்று எப்படித் தெரியும்?” என்று குறுக்கு விசாரணை ஆரம்பித்தால் வேறு ஆளைப் பாருங்கள். “அதற்குப் பிறகு எப்படி அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தீர்கள்?” என்று கேட்டால் அடுத்த வாரமும் போங்கள்.