சுண்டைக்காய் கால் பணம்

கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடிக்க ஆன மொத்தச் செலவு இரண்டு பழக்கூடை, சில ஆணிகள். 1891 டிசம்பர் மாதம். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் வெளியே பனி, உள்ளே அடங்காத பதினெட்டு வாலிபர்கள். இவர்களுக்கு எதையாவது கொடுத்துப் பொழுதை ஓட்ட வேண்டிய நெருக்கடியில் இருந்த உடற்பயிற்சி ஆசிரியர் ஜேம்ஸ் நேஸ்மித், கட்டடத்தைப் பராமரிப்பவரிடம் இரண்டு பெட்டி கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக்கூடைதான் இருக்கிறது என்று பதில் வந்தது. (பெட்டி கிடைத்திருந்தால் உலகம் இன்று பெட்டிப்பந்து ஆடிக்கொண்டிருக்கும்.) கூடைகளைப் பத்தடி உயரத்தில் அடித்து மாட்டினார்கள், கையில் கிடைத்த கால்பந்தே பந்தாயிற்று. கூடைக்கு அடிப்பாகம் இருந்ததால், பந்து விழுந்தால் யாராவது ஏணி வைத்து ஏறி எடுக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு பந்து என்பதால் ஏணிக்கும் பெரிய வேலை இல்லை. அந்தப் பத்தடி இன்றும் பத்தடிதான். இந்த ஆட்டத்தில் 130 ஆண்டுகளாக ஏறாதது அது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் ஏறிவிட்டது. பிள்ளைகளின் விளையாட்டுக்கு அமெரிக்கக் குடும்பங்கள் எவ்வளவு செலவழிக்கின்றன என்று ஆஸ்பென் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு கணக்கெடுத்து வருகிறது. ஒரு பிள்ளை, ஒரு விளையாட்டு, ஒரு வருடம் என்று வைத்துக்கொண்டால் 2019-இல் சராசரி 693 டாலர். பிள்ளையின் பிரதான விளையாட்டுக்கு மட்டும் 2024-இல் 1,016 டாலர், அதாவது ஐந்து வருடத்தில் 46 சதவீத உயர்வு. அதைவிட சுவாரசியம் 2019-இன் உள்கணக்கு. பதிவுக் கட்டணம் 125 டாலர். பயணத்துக்கோ 196 டாலர். மீதி சாமான்கள், தனிப்பயிற்சி, முகாம் என்று போகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். பழமொழி கொஞ்சம் தாராளமாகவே கணக்குப் போட்டிருக்கிறது. இங்கே சுண்டைக்காய் கால் பணம்கூட இல்லை; நூற்றுக்குப் பதினெட்டுதான்.

இதே கணக்கை எடுத்து என் மேலேயே வீசலாம். 2019-இல் ஐஸ் ஹாக்கிக்கு 2,583 டாலர், கூடைப்பந்துக்கு வெறும் 427. இதற்கா இத்தனை புலம்பல்? நியாயமான கேள்வி. ஆனால் டீ குடித்தவனையும் பிரியாணி சாப்பிட்டவனையும் ஒரே பில்லில் போட்டு வகுத்தால் ஓட்டல் மலிவாகத்தான் தெரியும். தெருக்கோடி நகராட்சி மைதானத்தில் சட்டைக்காசு மட்டும் கொடுத்து ஆடும் குழந்தையும், மாநிலம் மாநிலமாகப் பறந்து ஆடும் கிளப் குழந்தையும் சேர்ந்ததுதான் அந்த 427. ஐஸ் ஹாக்கிக்காவது ஐஸ் வேண்டும், தலைக்கவசம் வேண்டும், மட்டை வேண்டும். கூடைப்பந்துக்கு ஒரு பந்தும் ஒரு வளையமும் போதும். இவ்வளவு மலிவான ஒன்றை இவ்வளவு விலைக்கு விற்க முடிகிறதே, நம் வியப்புக்கு உரியது அந்தத் திறமைதான்.

அந்தத் திறமையைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கிளப் கூடைப்பந்து என்றாலே ஏ.ஏ.யூ. என்றுதான் சொல்வார்கள். 1888-இல் தொடங்கிய அமைப்பு. முதல் எழுத்து அமெச்சூர் என்ற சொல்லுக்கு உரியது. பணத்துக்காக ஆடாதவர் என்று பொருள். பொருள் இன்றும் மாறவில்லை: பிள்ளைகள் பணம் வாங்குவதில்லை, கொடுக்க மட்டும் செய்கிறார்கள். அணிக்குச் சேர்க்கைப் பணம் கட்டியாயிற்று. போட்டி நடக்கும் அரங்கின் வாசலில் பெற்றவர்களுக்கு நுழைவுச்சீட்டு. தன் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைக் காசு கொடுத்துப் பார்க்கும் வசதி இது. வர முடியாத பாட்டிக்கு நேரலை உண்டு, அதற்குத் தனிச் சந்தா. தங்குவதற்கு நாமாகப் போய் மலிவாக ஓர் அறை பார்த்துவிட முடியாது. போட்டி நடத்துகிறவர் சொல்லும் ஓட்டலில் தங்கினால்தான் ஆடலாம் என்ற விதி பல போட்டிகளில் இருக்கிறது. அந்த அறை வாடகையில் ஒரு பங்கு எங்கே போகும் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரே ஊரின் இரு அணிகள் மூன்று மாநிலம் தாண்டிப் போய் ஒன்றோடொன்று மோதிவிட்டு வருவதும் நடக்கக்கூடியதுதான். இரு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் பூங்காவில் ஆடியிருந்தால் யாருக்கும் ஒரு காசு வருமானம் இல்லையே.

யாரும் கட்டாயப்படுத்தவில்லை, பிடிக்காவிட்டால் விட்டுவிடலாமே என்பார்கள். கோயிலில் சிறப்பு தரிசன வரிசையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. முதலில் நாலு பேர் நூறு ரூபாய்ச் சீட்டு வாங்கி முன்னால் போகிறார்கள். பிறகு எல்லோரும் வாங்குகிறார்கள். அப்புறம் நூறு ரூபாய் வரிசையே பொது வரிசையாகிவிட, ஐந்நூறு ரூபாய் வரிசை பிறக்கிறது. சுவாமி இருந்த இடத்திலேயே இருக்கிறார், அதே நாலு விநாடி தரிசனம். கிளப்புகளும் இப்படித்தான் பெருகின. 'எலைட்' என்று பெயர் வைக்காத அணியை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படியானால் உண்மையான எலைட் எது என்ற கேள்வி எழ, அதற்குமேல் 'செலக்ட்', அதற்கும் மேல் 'பிரீமியர்'. உயர்நிலைப் பள்ளி அணித் தேர்வுக்கு வரும் பையன்களில் பலர் ஐந்து வருடம் கிளப்பில் ஆடியவர்கள் என்றால், பூங்காவில் ஆடியவனுக்கு இடம் கிடைப்பது கடினம். ஆக ஓட்டம் திறமையைப் பெறுவதற்காகக்கூட இல்லை, பின்தங்காமல் இருப்பதற்காக. நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். பக்கத்து வீட்டுப் பையன் டியூஷன் போகிறான் என்ற ஒரே காரணத்துக்காக டியூஷன் போய் வளர்ந்தவர்கள் அவர்களில் பலர்.

கல்லூரி உதவித்தொகை கிடைத்தால் போட்டதெல்லாம் திரும்பி வந்துவிடுமே என்பது இருப்பதிலேயே பலமான வாதம். பலவீனமான கணக்கும் அதுதான். உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடும் பையன்களில் நூற்றுக்குச் சுமார் மூன்றரைப் பேர்தான், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் அணி ஒன்றில் நுழைகிறார்கள். அதன் மூன்று பிரிவுகளில் முதல் பிரிவுக்குப் போவது நூற்றுக்கு ஒருவர். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. அதற்கும் மேலே தொழில்முறை லீகான என்.பி.ஏ. என்றால் முப்பது அணிகள், அணிக்குப் பதினைந்து முழு இடங்கள்: உலகம் முழுவதற்கும் சேர்த்து 450 நாற்காலிகள். அந்த நாற்காலிகளில் உட்காருபவர்களின் சராசரி உயரம் ஆறரை அடியை ஒட்டியது. தனிப்பயிற்சியாளர் பந்தைப் பிடிக்கும் விதத்தைத் திருத்தலாம்; ஐந்தரை அடி அப்பாவைத் திருத்த முடியாது.

செலவில்லாமல் திறமை வளராது என்பவர்களுக்கு இரண்டு சாட்சிகள். நார்வேயில் 1987 முதல் சிறுவர் விளையாட்டுக்கு விதிகள் உண்டு. பதினொரு வயது வரை புள்ளிப்பட்டியல், தரவரிசை எதுவும் கூடாது. பதின்மூன்றுக்கு முன் தேசிய சாம்பியன் போட்டி கிடையாது. தேசியப் போட்டி இல்லையென்றால் பத்து வயதுப் பிள்ளைக்கு விமான டிக்கெட் எதற்கு? சுமைகூலி அங்கேயே பாதி அடிபடுகிறது. ஐம்பத்தைந்து லட்சம் பேர் வாழும் அந்த நாடு 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்று முதலிடம் பிடித்தது. அது பனிச்சறுக்கு, கூடைப்பந்தில் நார்வேயை யார் கண்டார்கள் என்றால், ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது சாட்சி கூடைப்பந்துக்காரரே: யானிஸ் ஆன்டெடோகூன்போ. ஏதென்ஸ் தெருக்களில் கைக்கடிகாரம் விற்றவர். அண்ணனும் அவரும் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டு ஆடினார்கள். 2021-இல் என்.பி.ஏ. பட்டம் வென்ற ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்தார். அவர் விதிவிலக்கு என்பது சரிதான். ஆனால் கிளப் விளம்பரத் தட்டியில் சிரிக்கும் பையனும் விதிவிலக்குதானே, அவனை மட்டும் ஏன் சராசரி என்று நம்புகிறோம்?

நல்ல பயிற்சியாளருக்குச் சம்பளம் வேண்டும், அரங்குக்கு வாடகை வேண்டும் என்பதில் மறுப்பே இல்லை. அதையெல்லாம் பக்கத்து ஊரிலேயே கொடுக்கலாம் என்பதுதான் வழக்கு. பயிற்சியாளர் என்றதும் மறுபடி நேஸ்மித்தான் நினைவுக்கு வருகிறார். மாணவர் ஃபாக் ஆலன் பயிற்சியாளர் வேலைக்குப் போகிறேன் என்று வந்து நின்றபோது, இது ஆடுகிற ஆட்டம், இதற்கெல்லாம் பயிற்சி கொடுக்க முடியாது என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. கான்சஸ் பல்கலைக்கழக அணிக்கு நேஸ்மித் பயிற்சியாளராக இருந்த காலத்தில் வென்றது 55, தோற்றது 60; அந்த அணியின் வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமுள்ள ஒரே பயிற்சியாளர் அவர்தான். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் என்ற ஒரு வரியோடு இந்தக் கணக்கையும் சேர்த்து இன்று விண்ணப்பம் போட்டால், பத்து வயதுக்கு உட்பட்டோர் எலைட் அணியில் அவருக்கு ஏணி பிடிக்கிற வேலைகூடக் கிடைக்காது.