கேளுங்கள், தட்டப்படும்

பழைய பாணி ஹிப்ஹாப் பீட் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன். ஒரகடம், மாத்தூர், சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை என்று கம்பெனி பஸ் நிற்கிற இடத்திலிருந்தெல்லாம் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. இந்த இதழ் முழுக்கத் தாளம்தான். அரசியல், சினிமாக் கேள்விகள் கொஞ்சம் பொறுத்திருக்கட்டும்.

10,000 ஒலிகள் கொண்ட டிரம் சாம்பிள் பேக் தள்ளுபடியில் வருகிறது. வாங்கிப் போடட்டுமா?
— அசெம்பிளி லைன் ஊழியர், சுங்குவார்சத்திரம்

வேண்டாம். ஒலிக்கு 5 வினாடி என்று வைத்தாலும் கேட்டு முடிக்கவே கிட்டத்தட்ட 14 மணி நேரம் ஆகும். ஏ ஷிஃப்ட் முடிந்து பி ஷிஃப்டும் முடியப்போகிற நேரம்! அப்புறம் பீட் எப்போது போடுவது?

ஈ-மியூ கம்பெனி 1987-ல் எஸ்பி-1200 என்ற இயந்திரத்தை விட்டது. நியூயார்க் பையன்கள் அதை வைத்துத்தான் அந்தக் காலத்து முரட்டு டிரம்ஸைச் செதுக்கினார்கள். அதன் நினைவகத்தில் மொத்தமே 10 வினாடி ஒலிதான் பிடிக்கும். கிக், ஸ்னேர், பேஸ் துண்டு எல்லாம் அந்தப் பத்துக்குள் அடங்க வேண்டும். என்ன செய்தார்கள் தெரியுமா? 33 சுற்றில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45-ல் ஓட்டிப் பதிவு செய்தார்கள். சுருங்கி உள்ளே போனதை இயந்திரத்துக்குள் வேகம் குறைத்துப் பழைய நீளத்துக்கு இழுத்தார்கள். அது 12 பிட் இயந்திரம். இழுத்த இழுப்பில் ஒலிக்கு ஒரு சொரசொரப்பு ஏறிக்கொண்டது. இன்றைக்குப் பேக் விற்கிறவர்கள் பழைய மணம் என்று விற்பது அந்தச் சொரசொரப்பைத்தான். இடம் இல்லாத தவிப்பில் பிறந்த ஒலி அது. அதை மூட்டை மூட்டையாக வாங்கினால் தவிப்பு எங்கிருந்து வரும்? 6 கிக், 6 ஸ்னேர், 4 ஹைஹாட் பொறுக்கித் தனி ஃபோல்டரில் போடுங்கள். ஒரு மாதம் வேறு எதையும் தொடாதீர்கள்.

விலை கூடுதலான பேக் என்றால் ஒலியும் நன்றாக இருக்குமா?
— வாலாஜாபாத் வாசகர்

அட்டைப்படம் நன்றாக இருக்கும்.

எல்லாரும் 808, 808 என்கிறார்களே, அப்படி என்ன அது?
— குவாலிட்டி இன்ஸ்பெக்டர், வல்லம்

ஐயா, இந்தக் கேள்வி உங்களிடமிருந்து வந்ததில் எனக்குப் பரம சந்தோஷம். உங்களைப் போல் கறாரான ஒருவர் அந்த லைனில் நின்றிருந்தால் 808 பிறந்தே இருக்காது!

ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980-ல் விட்ட டிரம் மெஷின் டிஆர்-808. உள்ளே பதிவு செய்த டிரம்ஸ் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் மின்சுற்று எழுப்புகிற ஒலி. அதில் ஒரு சீறல் கேட்கும். அந்தச் சீறலுக்காக ரோலண்ட்காரர்கள் குறையுள்ள டிரான்சிஸ்டர்களையே தேடி வாங்கிப் பொருத்தினார்கள். உங்கள் கம்பெனியில் சிவப்பு டேக் கட்டி ரிஜெக்ட் பின்னில் வீசுகிற சரக்கு, அங்கே மூலப்பொருள்! பிறகு டிரான்சிஸ்டர் தயாரிப்பு மேம்பட்டது, பழுது கிடைப்பது அரிதானது, 1983-ல் 808-ஐ நிறுத்திவிட்டார்கள். ரிஜெக்ஷன் குறைந்ததால் ஒரு பொருள் நின்றுபோன கதையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. மொத்தம் சுமார் 12,000 மெஷின்தான் செய்தார்கள். 1982-ல் ஆஃப்ரிகா பம்பாட்டாவின் ‘பிளானட் ராக்’ பாட்டு அதை ஊரெங்கும் கொண்டுபோனது.

ஒன்று மட்டும் பிரித்துப் பாருங்கள். 80-களின் தொடக்கத்து ரோபோ நடனத் தாளம் வேண்டுமென்றால் 808 பேக். 80-களின் கடைசியில் வந்த கனத்த தலையாட்டல் வேண்டுமென்றால் நிஜ டிரம்மர் அடித்த ஒலியை எஸ்பி-1200 வழியாக விட்ட பேக். இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்து விற்பவரிடம் வாங்காதீர்கள்.

பேக் நல்லதா என்று வாங்கும் முன் எப்படிக் கண்டுபிடிப்பது?
— டிப்ளமோ ட்ரெய்னி, ஒரகடம்

மாதிரிப் பாட்டைக் கேட்டு மயங்காதீர்கள். அதில் பேஸும் பியானோவும் சேர்ந்து நோஞ்சான் ஸ்னேரைத் தோளில் தூக்கி வைத்திருக்கும். தனித்தனி அடியைக் கேளுங்கள்.

கிக் நெஞ்சில் விழ வேண்டும், விழுந்ததும் ஒழிய வேண்டும். நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில் ஒரு தட்டு 0.67 வினாடி. அதில் கால் பங்கு 0.17 வினாடிதான். கிக்கின் வால் அதற்கு மேல் இழுத்தால், நெருக்கி வருகிற அடுத்த கிக்கின் மேல் ஏறி உட்காரும். அடுத்து ஸ்னேர். எதிரொலி பூசிய ஸ்னேர் வேண்டவே வேண்டாம். எதிரொலியைப் பிறகு நீங்களே சேர்க்கலாம், சேர்ந்ததைக் கழற்ற முடியாது. ஹைஹாட்டில் மெல்ல அடித்தது, ஓங்கி அடித்தது, பாதி திறந்தது என்று ஒரே தட்டின் பல முகம் இருக்கிறதா பாருங்கள். கடைசியாகப் போன் ஸ்பீக்கரில் போடுங்கள். கிக் காணாமல் போனால், அதில் அடிநாதம் மட்டும் இருக்கிறது, தட்டு விழுந்த சத்தம் இல்லை என்று அர்த்தம். பஸ்ஸில் உங்கள் பாட்டை நண்பர்கள் கேட்கப்போவது அந்த ஸ்பீக்கரில்தானே!

இசைத்தட்டுக் கரகரப்பு சேர்த்தால் பழைய ஒலி வந்துவிடுமா?
— பெயர் வேண்டாத வாசகர், மாத்தூர்

கரகரப்பு வரும்.

எல்லாத் தட்டையும் செயலியின் தாளக் கட்டத்தில் மிகச் சரியாக வைக்கிறேன். ஆனாலும் தலை ஆட மாட்டேன் என்கிறது. பேக் மாற்றட்டுமா?
— ரோபோ வெல்டிங் பிரிவு, இருங்காட்டுக்கோட்டை

பேக்கை விடுங்கள், நீங்கள் ரோபோவோடு பழகிப் பழகி அதன் கை உங்களுக்கு வந்துவிட்டது. ரோஜர் லின் வடிவமைத்து அகாய் 1988-ல் விட்ட எம்பிசி-60 இயந்திரத்தில் ஸ்விங் என்று ஒரு வசதி. ஒரு தட்டை நாலாகப் பிரித்தால், அதில் இரண்டாவதும் நாலாவதும் சற்றுப் பிந்தி விழும். 50 விழுக்காடு என்றால் நேர்நடை. 66 என்றால் முழுத் துள்ளல். 54-ல் தொடங்கி 62 வரை ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள், எங்கோ ஓரிடத்தில் கழுத்து தானே ஒத்துக்கொள்ளும். டெட்ராய்ட்டின் பீட் கலைஞர் ஜே டில்லா கட்டத்தையே அணைத்துவிட்டு விரலை நம்பித் தட்டினார் என்பார்கள்.

பிரஸ் ஷாப்பில் விழும் ‘டம்’ அபாரமாக இருக்கிறது. பதிவு செய்து கிக்காகப் போடலாமா?
— அப்ரண்டிஸ், ஒரகடம்

உங்கள் காதுக்கு ஒரு சலாம். ஆனால் கேட்டிலேயே போனை வாங்கி வைக்கிற இடங்களில் இந்த ஆசை வேலைக்கு உலை வைக்கும், வேண்டாம் தம்பி. ஹாஸ்டலுக்கு வாருங்கள். காலியான 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்த்து உள்ளங்கையால் அறைந்தால் கிக். எவர்சில்வர் தட்டின் விளிம்பைக் கரண்டியால் தட்டினால் ரிம். சாவிக்கொத்தைக் குலுக்கினால் ஹைஹாட். சுவர் எதிரொலிக்காமல் இருக்கப் போர்வையைக் கூடாரமாகப் போட்டு அதற்குள் போனை வைத்துப் பதிவு செய்யுங்கள். வெட்டித் தட்ட கோலா சாம்ப்ளர் செயலி போதும், போனிலேயே ஓடும். அறைத்தோழர் சி ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறாரா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

மகன் ஷிஃப்ட் முடிந்து வந்தால் மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கிறான். என்ன செய்வது?
— ஒரு தந்தை, ஸ்ரீபெரும்புதூர்

மேசையை மைக் பக்கம் நகர்த்துங்கள்.

இளையராஜா பாட்டிலிருந்து டிரம்ஸை வெட்டிப் பீட் போடலாமா?
— எலக்ட்ரீஷியன், பாலூர்

வெட்டிப் பழகுங்கள், அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடையாது. அவருடைய டிரம்மர் புருஷோத்தமன் வாசித்த டிரம்ஸை மட்டும் காதால் பின்தொடர்ந்து பாருங்கள். 1985-ல் வந்த ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படத்தின் ராஜா பாட்டை அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழுவினர் 2003-ல் சாம்பிள் செய்தார்கள். மலேசியாவின் யோகி பி - நட்சத்திரா குழு 2006-ல் ராஜாவின் ‘மடை திறந்து’ பாட்டை ராப் ஆக்கித் தமிழ் ஹிப்ஹாப்புக்குக் கதவையே திறந்தது.

வெளியிடுவது என்றால் அனுமதி வாங்க வேண்டும். நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, அது வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை. மெட்டுக்கும் வரிக்கும் தனிக் கணக்கு. பேக்கில் ராயல்டி-ஃப்ரீ என்று போட்டிருந்தால் பொதுவாக உங்கள் பாட்டில் சேர்க்கலாம். அதே ஒலிகளை வேறு பெயரில் பேக்காக விற்கக் கூடாது.

இந்த டிரம்ஸை முதலில் அடித்தவர்களுக்குக் காசு போனதா?
— ஒப்பந்தத் தொழிலாளி, வல்லக்கோட்டை

இந்த இதழின் சிறந்த கேள்வி இது. பெரும்பாலும் போகவில்லை. 1969-ல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் ‘ஆமென், பிரதர்’ பாட்டில் கிரிகரி கோல்மன் தனியாக வாசித்தது சுமார் 7 வினாடி. அதைவிட அதிகம் வெட்டி ஒட்டப்பட்ட டிரம்ஸ் உலகில் இல்லை என்றே சொல்வார்கள். கோல்மன் 2006-ல் வீடில்லாதவராக இறந்தார். அந்தக் குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-ல் ரசிகர்கள் திரட்டிக் கொடுத்தது சுமார் 24,000 பவுண்டு. கோல்மனுக்கு அதுவும் இல்லை. ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டுக்கும் இதே நிலைதான். பாட்டு எழுதியவராக அவர் பெயர் இல்லை. அதனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் அவர் கை ஒலித்தும் பங்கு வரவில்லை. 2017-ல் காலமானார். வேலை செய்தவர் பெயர் ஏட்டில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் டிரம்மர் பெயர் போட்டு, அவருக்குப் பங்கு தருவதாகச் சொல்லி விற்கிற சிறு பேக்குகளையே நான் முதலில் தேடுகிறேன்.

பறை சாம்பிள் பேக் கிடைக்குமா?
— ஐடிஐ மாணவர், படப்பை

தேடாதீர்கள், வாசிப்பவரிடம் போங்கள். 2018-ல் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு கானாவையும் ராப்பையும் ஒன்றாக வைத்துக் காட்டியது, வழி திறந்தே இருக்கிறது. பறையைத் தீயில் காய்ச்சும் முன் ஒருமுறை, காய்ச்சிய பின் ஒருமுறை பதிவு செய்யுங்கள். சுதி ஏறியிருக்கும், இரண்டும் வேறு வேறு ஒலி. அடிக்குச்சி தனியாக, சுண்டுக்குச்சி தனியாக, பிறகு இரண்டும் சேர்த்து. ஒவ்வொன்றிலும் மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி. ஒரு மாலை போதும். கூலியை முதலிலேயே பேசிக் கையில் கொடுத்துவிடுங்கள், பாட்டு வெளியாகும்போது அவர் பெயர் உங்கள் பெயருக்கு அடுத்த வரியில் இருக்கட்டும்.