வெயிலை விலைக்கு வாங்குவோர்

ஜார்ஜ் டவுன், பினாங்கு

மகாராஜராஜஸ்ரீ மாமா அவர்கள் சமூகத்துக்கு மைத்துனன் அநேக வந்தனம்.  

சின்னவனையும் இந்தப் பக்கம் அனுப்பலாமா என்று யோசனை கேட்டதோடு, உஷ்ணப் பிரதேசத்துச் சொர்க்கம் என்று விளம்பரங்களில் வருணிக்கப்படும் இத்தேசத்தின் மகிமைதான் யாது என்றும் வினவியிருந்தீர்கள். தென்னை, வாழை, முருங்கை, ஓயாத வியர்வை, சுவரில் பல்லி, காதருகே கொசு ஆகிய சகல சௌபாக்கியங்களும் இங்கே உண்டு. நம் பொன்னேரியின் ஆரணி ஆற்றங்கரையில் இவற்றையெல்லாம் பிறந்த நாள் முதல் காசு கொடாமல் அனுபவித்து வந்த நாம் சொர்க்கவாசிகள்தாம் என்பதை ஒருவரும் நமக்குச் சொல்லாமற்போனதுதான் ஆச்சரியம்.

எங்கள் அடுக்குமாடியில் ஓர் ஆங்கிலேயக் கனவான் இருக்கிறார். அந்நியர் நெடுங்காலம் தங்குவதற்கென்று மலேசிய அரசாங்கம் 2002இல் ஏற்படுத்திய ‘எனது இரண்டாவது இல்லம்’ என்னும் திட்டத்தின்கீழ், வங்கியில் பெருந்தொகையை வைப்புநிதியாகப் போட்டுவிட்டு, அதற்குப் பிரதியாக வெயிலைப் பெற்றுக்கொண்டிருக்கிறார். நடுப்பகலில் பத்து ஃபெரிங்கி கடற்கரை மணலில் அரை நிர்வாணமாய்ப் படுத்து, ஒரு பக்கம் சிவந்ததும் மறுபக்கம் புரளுகிறார். நம் ஊரில் அந்த வேளையில் வெயிலில் கிடப்பவை வடகமும் மிளகாயுமே அல்லவா?

அவர் ஒருநாள் என்னைக் கைப்பிடித்து அழைத்துப் போய், பரம ரகசியம்போல் ஒரு தென்னை மரத்தைக் காட்டினார். நானும் சும்மா இராமல், எங்கள் தாலுகாவிலும் தென்னை உண்டென்றும், பழவேற்காட்டு ஏரியில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாய் வந்திறங்குமென்றும், டச்சுக்காரர்கள் 1613இலேயே அங்கே கோட்டை கட்டினார்களென்றும், மலாய்க்காரர் இன்றும் உடுத்தும் கட்டம் போட்ட ‘பெலிக்காட்’ கைலி எங்கள் பழவேற்காட்டின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறதென்றும் சற்றே பெருமையுடன் விஸ்தரித்தேன். எல்லாவற்றையும் பொறுமையாய்க் கேட்டவர், “அப்படியானால் நீர் ஏன் ஐயா இங்கு வந்தீர்?” என்றார். “சம்பளத்துக்கு” என்றேன். பிறகு இருவரும் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உள்ளதைச் சொல்ல வேண்டுமானால், இவ்வூர்ச் சீதோஷ்ணத்தில் ஒரு நற்குணம் உண்டு. பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகை வடக்கே இருந்தும், அக்கினி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டி நம்மை வாட்டும் கொடுமை இங்கில்லை. ஆண்டு முழுவதும் முப்பத்திரண்டை ஒட்டியே நின்றுவிடுகிறது. ஆனால் மார்கழியும் இல்லை. தையா ஆடியா என்று தெரிந்துகொள்ள நாட்காட்டியைத்தான் பார்க்க வேண்டும். சூரிய பகவானோ ஏழு மணியைத் தாண்டித்தான் உதயமாகிறார். அவர்மேல் குற்றமில்லை, கிழக்கு மலேசிய மாநிலங்களோடு நேரம் ஒத்திருக்க வேண்டுமென்று 1982ஆம் ஆண்டுப் பிறப்பன்று இத்தீபகற்பத்துக் கடிகாரங்களையெல்லாம் அரைமணி முன்னே தள்ளிவிட்டார்கள். நானோ ஆறு மணிக்கே ஸ்நானம் செய்துவிட்டு இருட்டைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறேன்.

தைப்பூசத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நகரத்தார் வெள்ளி ரதம் வீதியில் வரும்போது, தமிழரோடு சீனரும் வாசல்தோறும் தேங்காயை மலையாய்க் குவித்துச் சிதறுகாய் உடைக்கிறார்கள். நம் பொன்னேரிச் சந்திப்பு உற்சவத்தில் ஹரியும் ஹரனும் எதிரெதிரே வந்து நிற்கும் கோலத்துக்கு அடுத்தபடியாக என் கண் கலங்கிய காட்சி அதுதான்.

தேங்காய்க்காக வந்தவர்களல்லர் அந்தத் தமிழர்களின் பாட்டனார்கள். ஆசை வார்த்தை சொன்ன கங்காணிகளை நம்பி, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிக் கரும்புக்கும் ரப்பருக்கும் உழைக்க வந்தவர்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்த பின்னும் ‘ரஜுலா’ போன்ற கப்பல்கள் பல்லாண்டுகள் ஜனங்களைச் சுமந்துகொண்டேயிருந்தன. அவர்கள் நாட்கணக்கில் கடந்த கடலை இப்போது நான்கு மணி நேரத்தில் தாண்டிவிடுகிறோம். ஆசை வார்த்தைகளின் வேகமும் அதற்கேற்றாற்போல் கூடியிருக்கிறது.

ஆகையால், பையன் வெயிலுக்கும் இளநீருக்கும் ஆசைப்படுகிறானென்றால், கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் மாதச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளூரிலேயே ஒரு வேலை பார்க்கட்டும். நல்ல சம்பளமும் எழுத்தில் தந்த உத்தரவாதமும் இருந்தால் தாராளமாய் வரட்டும். என் வீட்டில் இடமுண்டு. ஆனால் முகவர் எவரும் 30,000 ரூபாய்க்கும் அதற்குரிய வரிக்கும் மேல் கூலி கேட்பது நம் நாட்டுச் சட்டத்துக்கு விரோதம். சுற்றுலா விசாவில் போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்று எவனாவது சொன்னால், அவனுக்குக் காப்பிகூட வாங்கிக் கொடுக்க வேண்டாம். பணம் கைமாறுவதற்கு முன், முகவரின் பதிவு மெய்தானா என்று சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் ஒருமுறை தாங்களே நேரில் விசாரித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

தங்கள் அன்புள்ள மைத்துனன்